டிஎன்எஸ் (மூக்கின் நடுச்சுவர் வளைவு) என்று எழுதி விமானி மருத்துவத் தேர்வில் நிறுத்திவிட்டார்கள்: அறுவை செய்துகொள்வதா, மேல்முறையீடா?

நீலவானம்22 எழுதியது:

வணக்கம். விமானப்படையில் பறக்கும் பிரிவுக்கு விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வும் நேர்முகமும் முடிந்து, போன வாரம் மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். கண், இதயம், முதுகெலும்பு, கால் நீளம் எல்லாம் சரி. ஈஎன்டி அறையில் மாட்டிக்கொண்டேன். மருத்துவர் விளக்கடித்து உள்ளே பார்த்தார். பிறகு குளிர்ந்த உலோகத் தகடு ஒன்றை மூக்குக்குக் கீழே பிடித்து மூச்சு விடச் சொன்னார். வலப்பக்கம் ஆவி நன்றாகப் படிந்தது. இடப்பக்கம் சின்னப் புள்ளி அளவுதான். தாளில் “டிஎன்எஸ் இடப்பக்கம், தற்காலிகத் தகுதியின்மை” என்று எழுதிவிட்டார்கள்.

எனக்கு மூன்று சந்தேகம்.

முதலாவது, நான் பள்ளி நாளிலிருந்து கால்பந்து ஆடுகிறேன். 2.4 கிலோமீட்டரை 10 நிமிடத்துக்குள் ஓடுவேன். ஒரு நாளும் மூச்சு முட்டியதில்லை. மூக்கின் நடுச்சுவர் கொஞ்சம் வளைந்திருந்தால் விமானம் ஓட்டுவதற்கு என்ன தடை?

இரண்டாவது, அறுவை செய்துகொண்டு திரும்பப் போவதா, அப்படியே மேல்முறையீடு செய்வதா?

மூன்றாவதை எழுதவே தயக்கமாக இருக்கிறது. 16 வயதிலிருந்து காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல் தொடர்ந்து வரும். அப்புறம் நாள் முழுக்க ஒன்றும் இருக்காது. படிவத்தில் “ஒவ்வாமை உண்டா?” என்ற இடத்தில் இல்லை என்று எழுதிவிட்டேன். முந்தின இரவே ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது, வாயைத் திறக்காதே என்கிறான் நண்பன். இதை எப்படிக் கையாள்வது?

பழைய_காக்பிட் எழுதியது:

தம்பி, உன் மூன்றாவது கேள்வியைப் பார்த்துத்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாத்திரை போட்டு மறைக்காதே. நான் மறைத்தவன்.

அப்போது எனக்கு 23 வயது. அடிப்படைப் பறத்தல் பயிற்சியில் பாதி தாண்டியிருந்தேன். மூன்று நாளாகச் சளி. விமானத்தில் ஏறும் முன் “உடம்பு எப்படி?” என்று பயிற்சியாளர் கேட்பது வழக்கம். “நன்றாக இருக்கிறேன் சார்” என்றேன். அன்றைக்கு ஸ்பின் பயிற்சி. அதைத் தள்ளிப்போட்டால் தனியாகப் பறக்கும் நாளும் தள்ளிப்போகும், உடன் படிக்கிறவர்கள் எனக்கு முன்னே போய்விடுவார்கள் என்ற பயம். காலையில் மூக்கில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டேன். மூக்கும் திறந்துகொண்டது.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. 12,000 அடியில் விமானத்தைச் சுழல விட்டு, மீட்டு நிமிர்த்தும்போது 4,000 அடிக்கு மேல் இறங்கியிருந்தோம். இடது புருவத்துக்கு மேலே யாரோ ஆணியை வைத்து அடித்ததுபோல ஒரு வலி. கண்ணில் நீர் கொட்டியது. எதிரே உயரம் காட்டும் முள் இரண்டாகத் தெரிந்தது. “நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் சார்” என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: “காதா, நெற்றியா?” நெற்றி என்றேன். உடனே விமானத்தை 2,000 அடி மேலே கொண்டுபோனார். வலி பாதியாகக் குறைந்தது. அப்புறம் கொஞ்சம் இறங்கி, நின்று, மறுபடி கொஞ்சம் இறங்கி, தரை தொட அரை மணி நேரம் ஆனது. முகமூடியைக் கழற்றினேன். உள்ளே ரத்தம்.

எக்ஸ்ரேயில் நெற்றிச் சைனஸ் ஒரு பக்கம் மங்கலாக நிரம்பியிருந்தது. நான்கு வாரம் பறக்கத் தடை. அடுத்த அணிக்குத் தள்ளினார்கள். எந்த நாளைக் காப்பாற்றப் பொய் சொன்னேனோ அந்த நாள் ஐந்து மாதம் தள்ளிப்போனது. அதைக்கூட விடு. பின் இருக்கையில் அன்று அவர் இருந்தார். இரண்டு வாரம் கழித்து இதே சளியோடு நான் தனியாகப் போயிருந்தால் விமானத்தை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. இதை எழுதும்போது இன்றும் கை கொஞ்சம் நடுங்குகிறது.

இப்போது உன் முதல் கேள்விக்கு வருகிறேன். ஓடும்போது மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நெற்றிச் சைனசுக்கு வாய் உதவாது. நெற்றியிலும் கன்னத்திலும் எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளுக்கு மூக்குக்குள் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. நடுக்காதுக்கு மூக்கின் பின்புறம் திறக்கும் ஒரு குழாய். 18,000 அடியில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் பாதி. அங்கே ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து தானாகவே வெளியே வந்துவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். வாசலில் வீக்கம் இருந்தால் அது அடைப்பான் மாதிரி மூடிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் குறைந்து, சவ்வு உறிஞ்சப்பட்டு, வீங்கி, ரத்தம் கசியும். நெற்றிச் சைனசின் வழி நீளமாகவும் குறுகலாகவும் இருப்பதால் பெரும்பாலும் அடி அங்கேதான் விழுகிறது.

காதுக்குழாய் அதைவிடப் பிடிவாதம். வெளி அழுத்தம் உள்ளே இருப்பதைவிட 80, 90 மி.மீ. பாதரச அளவுக்கு மேல் கூடிவிட்டால் தொண்டைத் தசைகளால் அதைத் திறக்கவே முடியாது. திரும்ப மேலே ஏறினால்தான் உண்டு.

நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துவைத்திருப்பது ஒன்று: உயரே போனால்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். 40,000 அடியிலிருந்து 30,000 அடிக்கு இறங்கினால் வெளியே மாறும் அழுத்தம் 85 மி.மீ. அளவு. கடைசி 10,000 அடியில், அதாவது 10,000 அடியிலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்கும்போது, 237 மி.மீ. மாறுகிறது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்து, சக்கரத்தை இறக்கி, வேகத்தைச் சரி பார்த்து, கோபுரத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில்தான் மூக்கு உன்னைக் கைவிடும்.

பயணிகள் விமானத்தில் உள்ளறையின் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு மேல் போகாதபடி வைத்திருப்பார்கள், இறக்கமும் மெதுவாக இருக்கும். போர் விமானத்தில் அந்தச் சொகுசு கிடையாது. 40,000 அடியில் பறக்கும்போது உள்ளே ஏறக்குறைய 17,000 அடி உயரத்தின் அழுத்தம்தான் இருக்கும். அங்கிருந்து சில நிமிடங்களில் கீழே வர வேண்டியிருக்கும். அந்த உலோகத் தகட்டில் படியும் ஆவியை வைத்து மருத்துவர் ஊகிக்கப் பார்ப்பது இதைத்தான்.

நீ எந்த நாட்டுப் படைக்கு விண்ணப்பித்தாய் என்று எழுதவில்லை. விதி நாட்டுக்கு நாடு மாறும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்திய விமானப்படைக்கான தரத்தை என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு அறிவிக்கையின் பின்னிணைப்பிலேயே அச்சிடுகிறார்கள். மூச்சைத் தடுக்கும் அளவு வளைவு இருந்தால் நிராகரிப்பு. அறுவைக்குப் பிறகு லேசான வளைவு மிச்சமிருந்தாலும், மூச்சு வழி போதுமானதாக இருந்தால் ஏற்பு. நடுச்சுவரில் 1 செ.மீ.க்கு மேல் துளை இருந்தால் நிராகரிப்பு. பாலிப் (மூக்குக்குள் வளரும் மென்மையான சதை), ஒவ்வாமை மூக்கழற்சி இரண்டுமே நிராகரிப்பு. அமெரிக்கப் படைகளில் வேவர் என்று ஒரு முறை இருக்கிறது. தகுதிக் குறைவு இருந்தாலும், நோய் கட்டுக்குள் இருப்பதைக் காட்டினால் விலக்கு கேட்கலாம். தூக்கம் வரவைக்காத ஃபெக்ஸோஃபெனடின், லோரட்டடின் போன்ற மாத்திரைகளை அங்கே விமானிகளுக்கு அனுமதிக்கிறார்கள். உன் நண்பன் சொல்லும் மாத்திரை எதுவென்று தெரியாது. பழைய வகை என்றால், தும்மலோடு சேர்த்து உன் கவனத்தையும் மந்தமாக்கிவிடும்.

அறுவையைப் பற்றி ஈஎன்டி மருத்துவர் யாராவது சொன்னால்தான் சரியாக இருக்கும்.

ஈஎன்டி_வாசகி எழுதியது:

மேலே சார் எழுதியதில் மருத்துவமாக எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. அறுவை பற்றிச் சொல்கிறேன்.

நீலவானம், முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். நம் மூக்கின் இரண்டு பக்கமும் முறை வைத்து வேலை செய்கின்றன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கத்தின் உட்சதை வீங்கி, மறு பக்கம் சுருங்கும். இது எல்லாருக்கும் இயல்பு. பரிசோதனை நடந்த அந்த நேரத்தில் உங்கள் இடப்பக்கத்தின் முறையாகவும் இருந்திருக்கலாம். அதனால் ஒரே ஒரு தகட்டுச் சோதனையை வைத்து முடிவெடுக்காமல், எண்டோஸ்கோபி (மெல்லிய குழாய்க் கேமராவால் மூக்குக்குள் பார்ப்பது) செய்து பாருங்கள். மூக்கடைப்பு மருந்து போடுவதற்கு முன் ஒரு தடவை, போட்ட பின் ஒரு தடவை. மருந்து போட்டதும் இடப்பக்கம் நன்றாகத் திறந்தால், தடை பெரும்பாலும் சதை வீக்கத்தால் வருகிறது. மருந்துக்குப் பிறகும் அப்படியே இருந்தால் எலும்பும் குருத்தெலும்பும்தான் காரணம், அதற்கு அறுவை பயன்படும்.

நடுச்சுவர் நூல் பிடித்தாற்போல நேராக இருப்பவர்கள் குறைவு. வளைவு இருப்பது மட்டுமே நோய் ஆகாது. வளைந்த இடம் சைனஸ் வாசலை நெருக்குகிறதா, எதிர்ப்பக்கத்து டர்பினேட் சதை (மூக்கின் பக்கச் சுவரில் இருக்கும் மடிப்பு) ஈடுகட்டப் பெருத்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

செப்டோபிளாஸ்டி, அதாவது நடுச்சுவரை நேராக்கும் அறுவை, நாசித் துவாரத்துக்கு உள்ளேயே செய்வது, வெளியே தழும்பு தெரியாது. உள்ளே வைக்கும் தாங்கியைச் சில நாளில் அல்லது ஒரு வாரத்தில் எடுப்போம். அதற்குப் பிறகும் சில வாரம் பொருக்கும் அடைப்பும் இருக்கும். மூக்கைச் சிந்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கால்பந்து நிச்சயம் கூடாது. மூச்சு வழி எப்படி வந்திருக்கிறது என்று சொல்வதற்கு இரண்டு மூன்று மாதமாவது போக வேண்டும். மறுபரிசோதனைத் தேதி நெருங்குகிறது என்று மூன்றாம் வாரமே போய் நின்று, “இன்னும் வீக்கம்” என்று திரும்பி வந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அறுவை செய்பவரிடம் நீங்கள் விமானி ஆகப் போகிறீர்கள் என்று கட்டாயம் சொல்லுங்கள். காரணம் உண்டு. இரண்டு பக்கச் சவ்வும் ஒரே இடத்தில் கிழிந்தால் நடுச்சுவரில் துளை விழலாம். மூக்கை விசாலமாக்குகிறேன் என்று டர்பினேட் சதையை அளவுக்கு மீறி வெட்டினால் உள்ளே வறண்டு பொருக்குத் தட்டும். இரண்டுமே மருத்துவ வாரியங்கள் நிராகரிக்கும் நிலைகள். வளைவோடு போய்த் துளையோடு திரும்பக் கூடாது.

தும்மல் விஷயம்: வளைவால் காலைத் தும்மல் வராது. இது தனிப் பிரச்சினை. அறுவையால் போகவும் போகாது. தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை செய்தால் தூசிப்பூச்சியா, பூஞ்சையா, மகரந்தமா, இல்லை ஒன்றுமே இல்லையா என்று தெரிந்துவிடும். அந்தச் சோதனைக்கு முன் சில நாள் அலர்ஜி மாத்திரை போடக் கூடாது. இன்னொன்று, எண்டோஸ்கோபியில் வெளிறி வீங்கிய டர்பினேட் சதையைப் பார்த்தாலே எங்களுக்கு ஒவ்வாமைச் சந்தேகம் வந்துவிடும். ஓர் இரவு மாத்திரையில் அந்த நிறம் மாறாது.

ரேடார்_திரை எழுதியது:

நான் வேறு வழியில் வந்தவன், அதனால் சுருக்கமாக. எனக்கு இருந்தது பாலிப். இரண்டு பக்கமும். எண்டோஸ்கோபி அறுவை செய்தார்கள், ஆறு மாதம் சொர்க்கம் மாதிரி இருந்தது, வாசனையெல்லாம் திரும்ப வந்தது. இரண்டாம் வருடம் மறுபடி முளைத்தது. அப்போதுதான், பாலிப் என்று கேட்டதும் வாரியம் ஏன் அவ்வளவு கறாராக இருக்கிறது என்று புரிந்தது. நீலவானம், உனக்கு ஆஸ்துமாவோ, ஆஸ்பிரின் போட்டால் மூச்சிழுப்போ இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல். மூன்றும் ஒன்றாக வரும் ஆட்கள் உண்டு.

நான் இப்போது விமானங்களை வழிநடத்தும் வேலையில் இருக்கிறேன். பறக்க முடியாதது இன்றும் வலிக்கிறது. ஒரு நாள் பயிற்சி விமானம் ஒன்றிலிருந்து “காது பிரச்சினை, மெதுவாக இறங்க அனுமதி வேண்டும்” என்று குரல் வந்தது. அந்த உயரங்களைக் காலி செய்து கொடுத்துவிட்டு, அவர் தரை தொடும்வரை நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீலவானம்22 எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. சார், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன், அப்பாவிடமும் காட்டினேன்.

டாக்டர் சொன்னபடி எண்டோஸ்கோபி செய்தேன். மருந்து போட்ட பிறகும் இடப்பக்கம் திறக்கவில்லை, கீழ்ப்பகுதியில் எலும்பு கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கிறது என்றார்கள். அறுவைக்குத் தேதி வாங்கிவிட்டேன். ஒவ்வாமைச் சோதனை அடுத்த வாரம். எது வந்தாலும் மறுபரிசோதனையில் படிவத்தைத் திருத்தி எழுதித் தரப் போகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. மூக்கு ஸ்ப்ரேயை இத்தனை நாளாக அவ்வப்போது பயன்படுத்தினேன், அது கெடுதலா? பிறகு, தேர்வானால் அழுத்தக் குறைப்பு அறைக்குள் உட்கார வைப்பார்களாமே, அதில் என்ன நடக்கும்?

ஈஎன்டி_வாசகி எழுதியது:

ஸ்ப்ரேயில் இரண்டு வகை. ஆக்ஸிமெட்டாசோலின், ஸைலோமெட்டாசோலின் போன்றவை நிமிடங்களில் திறக்கும். நாலைந்து நாளுக்கு மேல் தொடர்ந்து அடித்தால் மருந்து இறங்கியதும் முன்னைவிட மோசமாக அடைக்கும், பிறகு அது இல்லாமல் இருக்க முடியாது. ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேறு. அது மெதுவாக வேலை செய்யும், மருத்துவர் சொன்னால் நீண்ட நாள் போடலாம். உங்கள் பாட்டிலைப் படம் எடுத்து அறுவை செய்பவரிடம் காட்டுங்கள்.

படிவத்தைத் திருத்துவது என்று முடிவெடுத்ததைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

பழைய_காக்பிட் எழுதியது:

எனக்கும்தான் தம்பி.

அறையைப் பற்றிச் சொல்கிறேன். இரும்புச் சுவர், தடித்த கண்ணாடி ஜன்னல், இரண்டு பக்கமும் பெஞ்சு. முதலில் கொஞ்ச உயரத்துக்கு மட்டும் கொண்டுபோய் இறக்கி, எல்லாருக்கும் காது திறக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம்தான் உயரே. உள்ளே உங்களோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார், வெளியே மருத்துவர் இருப்பார்.

ஏறும்போது எதுவும் செய்ய வேண்டாம், எச்சில் விழுங்கினால் போதும். இறங்கத் தொடங்கியதுமே, வலி வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடு. மூக்கைப் பிடித்து, வாயை மூடி, ஒரு நொடி மெதுவாக ஊது. இதற்கு வால்சால்வா என்று பெயர், 1666இல் பிறந்த இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ மரியா வால்சால்வாவின் நினைவாக. முக்கி ஊதாதே, தலை சுற்றும். மூக்கைப் பிடித்தபடி விழுங்கிப் பார்ப்பது இன்னொரு முறை. எனக்குப் பிடித்தது மூன்றாவது: மூக்கைப் பிடித்து, தொண்டையை அடைத்து, நாக்கின் பின்பகுதியால் “க்” என்று சொல்வதுபோல் காற்றைத் தள்ளுவது. ஜெர்மன் மருத்துவர் ஹெர்மன் ஃப்ரென்ஸல் பெயரால் அழைக்கிறார்கள். நெஞ்சில் அழுத்தம் ஏறாது. அறுவை ஆறியதும் மருத்துவர் சரி என்ற பிறகு, கண்ணாடி முன் பழகிக்கொள். அதற்கு முன் வேண்டாம்.

சளி இருக்கும்போது இதில் எதையும் செய்யாதே. மூக்கில் இருக்கும் சளியைக் காதுக்குள் தள்ளிவிடுவாய்.

மூக்கைப் பிடிக்கக் கை போக வேண்டும் என்பது சின்ன விஷயமாகத் தெரியும். 1968 அக்டோபரில் அப்போலோ 7 போனபோது தளபதி வால்டர் ஷிராவுக்கு முதல் நாளே சளி பிடித்தது. எடையற்ற நிலையில் சளி கீழே வடியாது, அப்படியே தேங்கி நிற்கும். 11 நாள் அப்படிச் சுற்றினார்கள். திரும்பும்போது தலைக்கவசத்தை மாட்டச் சொல்லித் தரைக் கட்டுப்பாடு வற்புறுத்தியது. மாட்டினால் மூக்கைப் பிடித்துக் காதைத் திறக்க வழியில்லை, செவிப்பறை கிழிந்துவிடும் என்று ஷிரா மறுத்துவிட்டார். மூவரும் கவசம் இல்லாமலே இறங்கினார்கள். செவிப்பறைக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த மனிதர்கள், எவ்வளவு பயிற்சி பெற்றவர்கள் என்று யோசித்துப் பார். அவர்களுக்கும் கடைசிக் கவலை மூக்கைப் பற்றித்தான். விமானிகளின் ஆக்ஸிஜன் முகமூடியில் மூக்குப் பகுதியை மென்மையாக விட்டிருப்பார்கள், வெளியிலிருந்தே அழுத்திப் பிடிக்கலாம். உனக்குத் தரும்போது அதை முதலில் தேடிப் பார்.

அறையில் காது திறக்கவில்லை என்றால் உடனே கையைத் தூக்கு. பக்கத்தில் இருப்பவன் என்ன நினைப்பான் என்று பார்க்காதே. அவர்கள் இறக்கத்தை நிறுத்தி, கொஞ்சம் மேலே கொண்டுபோய், உனக்குத் திறந்த பிறகுதான் மறுபடி இறக்குவார்கள்.

ஒவ்வாமைச் சோதனை முடிவு எதுவாக இருந்தாலும் இங்கே எழுது. பாதகமாக வந்தாலும் எழுது. அந்தந்த நாட்டு விதியை வைத்து அடுத்து என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பார்ப்போம். அறுவை நாளன்று காலையில் ஒரு வரி போடு, நான் காத்திருப்பேன்.